நிகர எடை

நூறு போதாதென்று ஐந்நூறுக்கு மாறினோம்.
மாதம் முப்பது ரிங்கிட் கூட.
பாடாங் செராய்க் கடைத்தெருவில் ஒட்டியிருந்த விளம்பரத்தில்
ஒரு சிறுத்தை ஓடிக்கொண்டிருந்தது.
எங்கள் தாமான் பக்கம் ஓடுவது
செம்பனை லாரிகளும், அவற்றைத் துரத்தும் நாய்களும்தான்.

வந்த பையன் பெயர் ஹஃபிஸ்.
கம்பத்தில் ஏறவில்லை, கம்பி மாற்றவில்லை.
பழைய பெட்டியைக் கழற்றி
புதிய பெட்டியை அதே ஆணியில் மாட்டினான்.
பக்கத்தில் நின்றே கைப்பேசியில் அளந்து காட்டினான்:
நானூற்று எண்பத்தேழு.
"மந்தாப், பாங்," என்றான்.
நானும் தலையாட்டி வைத்தேன்.

ஆனால் அளவை என்றாலே எனக்குச் சந்தேகம். தொழில் அப்படி.
பத்தொன்பது வருடமாக மில்லில் எடைமேடை.
பழம் ஏற்றிய லாரி உள்ளே வரும், ஓர் எடை.
கொட்டிவிட்டுத் திரும்பும், ஓர் எடை.
கழித்தால் மிஞ்சுவதுதான் பழம்.
இடையில் எத்தனை வித்தை பார்த்திருக்கிறேன்:
குலைமேல் தண்ணீர், அடியில் மணல்,
உள்ளே வரும்போது முன்சீட்டில் இருந்த மச்சான்
வெளியே போகும்போது இல்லை.

ஹஃபிஸ் போனபின் நானே அளந்தேன்.
பெட்டியடியில் நானூற்று எண்பது.
அடுப்படியில் நூற்றுப் பத்து.
பின்னறையில், இரண்டு சுவரும் ஓர் இரும்பு அலமாரியும் தாண்டி,
பதினேழு.
துணி துவைக்கும் இடத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
இரவு ஒன்பதுக்கு, தாமான் மொத்தமும் வீடு திரும்பிய நேரம்,
எல்லாம் இன்னும் ஒரு படி கீழே.
மில் சீட்டின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதினேன்.
காஞ்சனா எட்டிப் பார்த்தாள்.
"முன்ன எவ்ளோ இருந்துச்சின்னு அளந்தீங்களா?"

அளக்கவில்லை.
வெறும் எடை போடாமல் லாரியை அனுப்பிவிட்டவன் மாதிரி
கொஞ்ச நேரம் நின்றேன்.

அவளுக்கு வேண்டியது வேகம் இல்லை, யுகேந்திரன் முகம்.
கோத்தா கினாபாலுவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான்.
ஞாயிறு இரவு எட்டரைக்கு அழைப்பான்.
பழைய லைனில் சதுரம் சதுரமாக வருவான்,
வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்.
அதுவும் "ரிசல்ட் வந்திருச்சாடா?" என்று கேட்டால்
அப்படியே உறைந்துவிடுவான்.
பிறகு குரல் மட்டும் வரும்:
"லைன் சரியில்லப்பா, வைக்கிறேன்."
இப்படியே மூன்று ஞாயிறு.
ஐந்நூறுக்கு மாறியது அதற்காகத்தான்.

இந்த ஞாயிறு பெட்டிக்குக் கீழேயே
இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம்.
வந்தான்.
தாடையில் சரியாக மழிக்காத இடம் தெரிந்தது.
கண்ணுக்குக் கீழே கறுப்பு தெரிந்தது.
சிரித்த நேரத்துக்கே சிரிப்பு வந்தது.
அங்கே மீன் மலிவு, இங்கே மழை,
லோகேஸ்வரி கல்யாணத்துக்கு டிக்கெட் விலை,
எல்லாம் தட்டாமல் ஓடியது.
அப்புறம் கேட்டேன்.

உறைந்தான்.
வாய் பாதி திறந்து, விரல் காதருகே,
கண் எங்கள் பக்கம்.
"இவ்ளோ காசு கட்டியும் பாருங்களேன்,"
காஞ்சனா பெட்டியை முறைத்தாள்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவனுக்குப் பின்னால் மேசை விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
ஜன்னலில் காயப்போட்ட சட்டையின் கை
மெல்ல ஆடியது.

எடைமேடையில் மூச்சைப் பிடித்துக்கொண்டால்
எடை மாறும் என்று நம்புகிற புது டிரைவர்கள் உண்டு.
நான் கண்ணாடிக்குப் பின்னால் காத்திருப்பேன்.
எவ்வளவு நேரம்தான் பிடிப்பார்கள்.

"லைன் சரியில்லடா," என்றேன், நானே.
"அடுத்த வாரம் பேசுவோம். போய்ச் சாப்பிடு."
உறைந்த முகத்தில்
கண் ஒரே ஒருமுறை இமைத்தது.

"அப்ப பழைய பிளானுக்கே மாத்திரலாமா?" என்றாள் காஞ்சனா,
நாற்காலியை மடியில் தூக்கிக்கொண்டு.

"வேணாம், இருக்கட்டும்," என்றேன்.
"படம் நல்லாத் தெரியுது."